இரண்டாவது அசையும் முதல் மரக்காலும்

தஞ்சாவூர்
8 ஜனவரி 2025

அன்புள்ள ஜூலியட்,

உறுதியான செய்தி முதலில். இம்மாதம் 30-ஆம் தேதி, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, விதைப்பண்ணைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினர் நான்கு பேர் உன் வயலுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால், வெள்ளத்தில் மூழ்கியும் அழுகாத அந்த நெல்லை மூன்று வருடம் விதைக்காகப் பயிரிடும் ஒப்பந்தம் உன் மகளிர் குழுவுக்குக் கிடைக்கும். ஆதாரம்: உன் அக்கா பாத்திமா மேரி. அவளுக்கு ஆதாரம்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ போனில் சொன்னது.

இரண்டாவது செய்தி என்னைப் பற்றியது. திங்கட்கிழமை என் குரல்நாணிலிருந்து மிளகளவு கட்டி ஒன்றை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று மருத்துவர் நினைக்கிறார். ஆய்வக அறிக்கை வரும் வரை நானும் அப்படி நினைக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம். பிப்ரவரி 3 வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. அந்தச் சீட்டை உன் அக்கா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டாள். "முப்பத்தாறு வருஷம் பேப்பர்ல இருந்து ஊரைக் கேள்வி கேட்டீங்க. இந்த நாலு வாரம் நான் பேசறேன், நீங்க குறிப்பெடுங்க" என்கிறாள்.

நீ என்னோடு பேசி இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நீ பேசமாட்டாய், நான் பேச முடியாது. இருவருக்கும் தோல்வி இல்லாத நேரம் இது ஒன்றுதான். செல்போனில் தட்ட என் விரல் பழகவில்லை. அதனால் கடிதம்.

அன்று மைக்கில் உன்னைத் தடுக்கி விட்ட அந்த ஆங்கிலச் சொல் இன்னும் உறுத்துகிறது என்று பாத்திமா மேரி சொன்னாள். அந்தச் சொல்லை என்னால் உச்சரித்துக் காட்ட முடியாது. எழுதிக் காட்ட முடியும். வேண்டுமா என்று ஒரு வரி எழுது.

சகாயராஜ்

*

குடவாசல்
11.1.2025

அத்தானுக்கு ஜூலியட் எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "என்னக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். "இல்லப்பா, அக்கா வீட்டுக்காரர்" என்றேன். "அய்யோ, அதுக்கு நோட்டீஸே தேவலையே" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

உங்கள் தொண்டைக்காக அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அது வேறு. கோபம் வேறு. கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

2023 ஜனவரியில் நடந்ததை நீங்கள் உங்கள் வழக்கப்படி தேதி வாரியாக வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது இதுதான். ஒன்பது நாள் தண்ணீரில் கிடந்தது என் வயல். பக்கத்து வயலெல்லாம் அழுகி நாறியது. என் நெல் எழுந்து நின்றது. பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொல்ல மைக்கை வாங்கி, "சப்மெர்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒருத்தன், "அக்கா மூழ்கிட்டாங்கடோய்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். விவசாயிகள் சங்கச் செயலாளர் ராம்கி, "குடுங்கக்கா, நான் சொல்லிடறேன்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். மறுநாள் உங்கள் பேப்பரில் 'மூழ்கியும் தப்பியது நெல்: செயலாளர் ராம்கி தகவல்' என்று வந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. நீங்கள் செய்தி திருத்த உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து வந்த பேப்பர் அது.

இந்தத் தடவை பதினோரு நாள் தண்ணீர். நெல் நிற்கிறது. வருகிறவர்களில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. யார் மைக்கைப் பிடித்துப் பேசுகிறாரோ அவர்தான் விளைவித்தவர் என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஒப்பந்தம் சங்கத்துக்குப் போகும். எங்கள் மகளிர் குழு ஐந்து பேரும் கூலிக்கு நடவு நடுவோம்.

"தமிழ்லயே பேசுங்கக்கா, நான் மொழிபெயர்க்கறேன்" என்கிறாள் எங்கள் குழு நஜ்மா. பேசத்தான் போகிறேன். ஆனால் முதல் வாக்கியம் ஆங்கிலத்தில். எந்தச் சொல்லில் விழுந்தேனோ அந்தச் சொல்லில் எழுந்துதான் மற்றதைப் பேசுவேன்.

அந்தச் சொல்லைச் செல்போனிலும் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. நீங்களே எழுதுங்கள்.

ஜூலியட்

*

தஞ்சாவூர்
13 ஜனவரி 2025

அன்புள்ள ஜூலியட்,

ஆய்வக அறிக்கை வந்தது. கட்டி தீங்கற்றது. ஆதாரம்: அறிக்கையின் மூன்றாவது வரி. உன் மெழுகுவத்தியையும் ஆதாரத்தில் சேர்க்கச் சொல்கிறாள் பாத்திமா மேரி. சேர்த்துவிட்டேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சப்மெர்ஜென்ஸ்-டாலரன்ட். இரண்டு சொற்களை நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய பிறகு அது நெல்லின் குணத்தைச் சொல்லும் ஒரே சொல்.

முதலில் அதைப் பிரித்துப் பார். 'சப்' என்றால் கீழே. 'மெர்ஜ்' என்றால் முக்குவது. 'என்ஸ்' என்பது வால். முக்குவதை 'மூழ்கல்' என்ற பெயராக்குகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் 'டாலர்' இருக்கிறது. அமெரிக்கப் பணம் அல்ல, பொறுத்துக்கொள்வது. 'அன்ட்' என்ற வால், அப்படிப் பொறுக்கிற குணம் உள்ளது என்கிறது. எல்லாம் சேர்த்தால், மூழ்கலைப் பொறுக்கிற நெல்.

பொருளுக்கு வெட்டும் இடம் வேறு, வாய்க்கு வெட்டும் இடம் வேறு. வாய்க்கு ஆறு துண்டு. ஒவ்வொன்றும் ஓர் அசை: சப், மெர், ஜென்ஸ், டா, ல, ரன்ட்.

நாம் தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலக்காரர் அப்படி இல்லை. சில அசையில் ஏறி மிதிப்பார், மற்றதைத் தொட்டுவிட்டு ஓடுவார். இந்தச் சொல்லில் இரண்டாவது அசையிலும் நான்காவது அசையிலும் கனம் வை. மற்ற நான்கையும் லேசாக விடு. அவ்வளவுதான்.

நூறு தடவை சொல்லிப் பார். வயலில் சொல், வீட்டில் சொன்னால் உன் கோழிகள் பயப்படும்.

2023 செய்தியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும். இன்னும் எழுதத் தெரியவில்லை.

பொங்கல் வாழ்த்துகள்.

சகாயராஜ்

*

குடவாசல்
18.1.2025

அத்தானுக்கு,

நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்களா, இல்லை தொண்டையோடு சேர்த்து வேறு எதையாவது எடுத்துவிட்டார்களா?

உங்கள் கடிதத்தைப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசும்போது சொன்னேன். களையெடுக்கும்போது சொன்னேன். நீங்கள் சொன்ன எண்ணிக்கைப்படியே கனம் வைத்தேன். தங்கம்மாள் மதினி, "யாரை வையறே?" என்று கேட்டாள்.

நேற்று நஜ்மாவிடம் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க, இது என்ன பாஷை?"

"இங்கிலீஷ்."

"போன்ல வேற மாதிரில்ல வருது?"

"போன் கிடக்குது. எங்கத்தான் எழுதினா எழுதினதுதான். முப்பத்தாறு வருஷத்துல ஒரு எழுத்து தப்பா போட்டதில்ல" என்று சண்டைக்குப் போனேன். உங்கள் மேல் கோபமாக இருக்கும்போதே உங்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நஜ்மா அவளுடைய கல்லூரித் தோழி இசைவாணிக்குப் போன் போட்டு என்னைப் பேசவிட்டாள். இசைவாணி ஆங்கில ஆசிரியை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கடைசியில், "ஒருவேளை பிரெஞ்சா இருக்குமோ?" என்றாள்.

நான் சொல்வது இதுதான். சப்-மெர், அப்புறம் 'ஜென்ஸ்'. அதில் முழு பலத்தையும் போடுகிறேன். 'டா'வை விட்டுவிடுகிறேன். 'ல'வில் மறுபடி ஏறி மிதிக்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டாவது, நான்காவது. ஒரு மணியும் பிசகவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. ராம்கி மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டார். "அக்கா, இந்தத் தடவ சிரமப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலியட்

*

தஞ்சாவூர்
21 ஜனவரி 2025

அன்புள்ள ஜூலியட்,

உன் கடிதம் நேற்று மாலை 4.20-க்கு வந்தது. எழுதியதற்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வது என் பழக்கம். நகலை எடுத்துப் பார்த்தேன். 'இரண்டாவது, நான்காவது' என்றுதான் இருக்கிறது. அகராதியைப் பார்த்தேன். அதிலும் அப்படியே. ஆகவே தவறு என்னுடையதல்ல என்று ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு பாத்திமா மேரி அரிசி களைந்துகொண்டே உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்தவள் அரிசிப் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எதற்கு என்று நான் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

"அவ மரக்கால் அளக்கற மாதிரி எண்ணியிருக்கா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரெல்லாம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்கள். அடுத்ததை 'இரண்டு' என்பார்கள். உங்கள் அப்பா வீட்டு வழக்கம் மட்டும் வேறு. 'லாபம்' என்று அளக்கிற முதல் மரக்கால் அந்தோணியார் கோயிலுக்குத் தனியாகப் போய்விடும். கணக்கில் வராது. அடுத்த மரக்காலிலிருந்துதான் 'ஒன்று'. எங்களுக்குக் கல்யாணமான முதல் அறுவடையில் களத்தில் உட்கார்ந்து நான் பத்து என்று எண்ணினேன். உன் அப்பா ஒன்பது என்றார். "மாப்ள பேப்பர்ல வேல பாக்கறாராம், எண்ணத் தெரியல" என்று அவர் சொன்னதை, நீ என்னோடு பேசிக்கொண்டிருந்த வரை சொல்லிக்காட்டுவாய்.

நீ 'சப்'பை அந்தோணியாருக்குக் கொடுத்துவிட்டாய், ஜூலியட். 'மெர்' உனக்கு ஒன்று, 'ஜென்ஸ்' இரண்டு, 'ல' நான்கு. ஆதாரம் உன் கடிதம்தான்.

இந்தத் தடவை எண் எழுதவில்லை. இத்துடன் ஓர் அட்டை இருக்கிறது. உன் அக்கா முறத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். பதர், நெல், பதர், நெல், பதர், பதர். நெல் இருக்கும் இடத்தில் மிதி. பதரை ஊதிவிடு. விரலால் தடவிக்கொண்டே சொல்.

இப்போது தள்ளிவைத்த பதிலுக்கு வருகிறேன். 2023 ஜனவரி 18 இரவு மேசையில் இருந்தது நான்தான். குடவாசல் நிருபர் அனுப்பிய செய்தியில் இரண்டு பெயர்கள் இருந்தன: 'விளைவித்த ஜூலியட்', 'செயலாளர் ராம்கி'. முதல் பெயரை நான் வெட்டினேன். காரணம், நீ என் மனைவியின் தங்கை. நான் பார்க்கும் செய்தியில் சொந்தக்காரர் பெயர் வரக் கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைப்பிடித்தேன். அந்தச் செய்தியைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்திருந்தால் போதும், உன் பெயர் இருந்திருக்கும். அதை நான் செய்யவில்லை. சோம்பல் அல்ல, என் நேர்மையைப் பற்றி எனக்கே இருந்த பெருமை. உண்மையைச் சரிபார்க்க வேண்டியவன் பாதி உண்மையை அச்சேற்றினேன்.

உன்னை நான் மதிக்காததால் வெட்டினேன் என்று நீ நினைப்பதாக பாத்திமா மேரி சொன்னாள். அது உண்மையல்ல. ஆனால் அச்சில் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

சகாயராஜ்

*

குடவாசல்
24.1.2025

அத்தானுக்கு,

அட்டை வந்தது. தபாலில் ஒரு பதர் நசுங்கிவிட்டது, பரவாயில்லை, பதர்தானே. இசைவாணியிடம் மறுபடி சொன்னேன். "அக்கா, யார் சொல்லிக் குடுத்தது?" என்றாள். "அந்தோணியார் விட்டுக் குடுத்துட்டார்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நஜ்மா சிரித்ததில் மோர் புரையேறிவிட்டது.

மற்றதையும் படித்தேன், இரண்டு தடவை. நல்ல காரணம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதினால் எதுவும் சரியாகத்தான் தெரியும். ஆனால் காரணம் வேறு, மன்னிப்பு வேறு, அத்தான். கடிதம் முழுக்கத் தேடினேன். காரணம் ஒரு வண்டி இருக்கிறது. மற்றது ஒரு மணி இல்லை.

எழுதி அனுப்ப வேண்டாம். எழுத்து உங்களுக்குச் சுலபம். வாயால் சொல்ல வேண்டும், நான் காதால் கேட்க வேண்டும். குரல் வரட்டும். இரண்டு வருடம் இருந்தவளுக்கு இரண்டு வாரம் பெரிதில்லை.

ஜூலியட்

*

தஞ்சாவூர்
27 ஜனவரி 2025

ஜூலியட்,

உன் தீர்ப்பு கிடைத்தது. மேல்முறையீடு இல்லை.

30-ஆம் தேதி நான் வரவில்லை. வந்தால் கூட்டத்தில் நின்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது உனக்குக் கெடுதல். மைக்கை இடது கையில் பிடி. வலது கை வேறு வேலைக்கு வேண்டியிருக்கலாம்.

சகாயராஜ்

*

குடவாசல்
31.1.2025

அத்தானுக்கு,

நீங்கள் செய்தி எழுதுவது போல எழுதப் பார்க்கிறேன். தவறு இருந்தால் திருத்தக் கூடாது.

நேற்று காலை 10.50-க்குக் குழு வந்தது. இருபது நிமிடம் தாமதம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். தலைவர் வடக்கே எங்கேயோ இருந்து வந்த உயரமான அம்மா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வரப்பில் இறங்கிவிட்டார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

ராம்கி மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, "நான் ஆரம்பிச்சு வைக்கறேன்க்கா, நீங்க முடிச்சு வைங்க" என்றார்.

"வேணாம் தம்பி. நீ ஆரம்பிச்சா நான் முடிக்கறதுக்குள்ள அவங்க மதிய சாப்பாட்டுக்குப் போயிருவாங்க."

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை அது என் பக்கத்துச் சிரிப்பு. அதே சிரிப்பில் மைக்கை வாங்கிவிட்டேன். இடது கையில்.

வலது உள்ளங்கையில் உங்கள் அட்டை. பெருவிரலால் தடவிக்கொண்டே வாக்கியத்தைச் சொன்னேன். இது எங்கள் சப்மெர்ஜென்ஸ்-டாலரன்ட் நெல், பதினோரு நாள் தண்ணீருக்குள் இருந்தது என்று. நெல்லில் மிதித்தேன், பதரை ஊதினேன். நிற்கவில்லை.

அப்புறம் ஒன்று நடந்தது, அத்தான். அந்த அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதில் அதே சொல் வந்தது. ஆறு அசையையும் ஒரே கனத்தில், ரயில் பெட்டி மாதிரி வரிசையாகச் சொன்னார்! யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. இரண்டு வாரம் நான் பட்ட பாடு என்ன, கோழிகள் பட்ட பாடு என்ன! நஜ்மா காதில், "அக்கா, அட்டைய அவங்களுக்குக் குடுத்துருவமா?" என்றாள்.

கேள்வி, தண்ணீர் எந்தத் தேதியில் ஏறியது, எந்தத் தேதியில் வடிந்தது என்பது. அந்த நேரத்தில்தான் ராம்கியின் கை தன்னால் மைக்குக்கு நீண்டது. பழக்கம், பாவம். பக்கத்தில் அறுத்து வைத்திருந்த கதிர்க் கட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். "புடி தம்பி. மணி உதிராம பாத்துக்க." அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் தமிழில் தேதி சொல்லி, நஜ்மா மொழிபெயர்த்து, அவர்கள் கேட்டு முடிக்கிற வரைக்கும் இருபது நிமிடம் பிள்ளையை வைத்திருப்பது போல வைத்திருந்தார். கடைசியில், "அக்கா, கை மரத்துப்போச்சு" என்றார். மோர் கொடுத்தேன்.

போகும்போது அந்த அம்மா நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விளைவித்தவர் என்ற இடத்தில் என் பெயர், கீழே நஜ்மா, தங்கம்மாள் மதினி, மற்ற இருவர். எழுத்து சரியா என்று கேட்டார். சரி என்றேன். என் பெயரை எழுதிவிட்டு என்னிடமே சரிபார்த்தவர் இதுவரை அவர் ஒருவர்தான். இதை உங்களைக் குத்துவதற்காகவே எழுதுகிறேன்.

ஜூலியட்

*

தஞ்சாவூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜூலியட்,

உன் செய்தியில் திருத்த ஒன்றுமில்லை. நான் மேசையில் இருந்தால் தலைப்பு மட்டும் வைத்து அப்படியே அனுப்பியிருப்பேன், அதுவும் பக்கத்து மேசை வழியாக. குத்து சரியான இடத்தில் விழுந்தது.

சனிக்கிழமை என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். இப்போது அந்த மேசையில் இருக்கும் செய்தியாசிரியரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். '2023 ஜனவரி 19 அன்று நான்காம் பக்கத்தில் வெளியான செய்தியில், வெள்ளத்தில் தப்பிய நெல்லை விளைவித்தவர் குடவாசல் ஜூலியட் என்பது விடுபட்டுவிட்டது' என்று ஒரே வாக்கியம். அவர் படித்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இது யாருக்கு சார் வேணும்?" என்றார். பேச முடியாததால் அதே தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன்: 'ஒருவருக்கு.' சிறிது நேரம் கழித்து 'இருவருக்கு' என்று திருத்தினேன். வாங்கிக்கொண்டார்.

இன்று காலை மருத்துவர் தொண்டையைப் பார்த்தார். புண் ஆறிவிட்டது, ஆனாலும் மூன்று நாள் நீட்டித்திருக்கிறார். அதன்பிறகும் முதல் நாளில் இருபது சொற்களுக்கு மேல் கூடாதாம். சீட்டை உன் அக்கா பழைய சீட்டின் மேலேயே ஒட்டிவிட்டாள்.

இந்தக் கடிதம் தபாலில் சேரும் நேரத்தில் முடிவு தெரியாமல் இருப்பவை மூன்று. விதைப்பண்ணை ஒப்பந்தம் யாருக்கு என்பது பிப்ரவரி 14-க்குள் தெரியும். ஆதாரம், அந்தக் குழு அலுவலகத்தில் விசாரித்த நஜ்மா, உன் அக்காவிடம் போனில் சொன்னது. திருத்தம் 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில், நான்காம் பக்கத்தில் வரலாம். இடம் இருந்தால் என்று செய்தியாசிரியர் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, வியாழக்கிழமைக்கான இருபது சொற்கள். பதினேழை பாத்திமா மேரி கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று சொல்ல மறுக்கிறாள். மீதி மூன்று இருக்கிறது. அன்று மாலை ஆறு மணிக்கு உன் போன் அடிக்கும். எடு.

சகாயராஜ்